அக்காவின் காரைப் பங்கு போட்டவர்கள்

பழைய கார்களை நேசிப்பவர்கள் என்று ஓர் இனம் உண்டு. மாத்தளை மாவட்டத்தில் அந்த இனத்துக்குக் கைபேசியில் ஒரு குரூப் இருக்கிறது. அதில் நானும் இருக்கிறேன். இதை வாசித்த பிறகும் இருக்க விடுவார்களா என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாலந்தாவில், ஏ9 வீதியோரத் தேநீர்க்கடை ஒன்றின் முன்னால் கார்களை வரிசையாக நிறுத்தி, பொனட்டுகளைத் திறந்து வைத்து, உள்ளே குனிந்து பார்த்துக்கொண்டு நிற்போம். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட யாரும் அவ்வளவு நேரம் பார்க்க மாட்டார்கள். ஒருவர் பார்த்துவிட்டு நிமிர்ந்து "ஒரிஜினல்" என்பார். அடுத்தவர் குனிவார். அவரும் நிமிர்ந்து "ஒரிஜினல்" என்பார். பிறகு ஆளுக்கொரு மீன் ரோல்ஸும் பால் விடாத பிளேன்டீயும். பிறகு பொனட்டை மூடிக்கொண்டு வீட்டுக்கு. வானம் கொஞ்சம் கறுத்தால் ரோல்ஸ்கூடக் கிடையாது, பாதியில் கிளம்பிவிடுவார்கள். மழையில் நனைந்த கார் அவர்களுக்குத் தீட்டுப்பட்ட கார்.

குரூப்பில் பெண் நான் ஒருத்திதான். பட்டப்படிப்பை முடித்துவிட்டு, நியமனம் வரும் வரும் என்று காத்திருந்த காலம். அப்பாவின் பலசரக்குக் கடை வேனுக்குப் பிரேக் ஷூ மாற்றியது நான். ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவியதும் நான். இதையெல்லாம் சொன்னால் குரூப்பில் உள்ளவர்கள் வாயைப் பிளந்து, "தங்கச்சிக்கு இதெல்லாம் தெரியுமே!" என்பார்கள். சொல்லிவிட்டு என் கையில் டார்ச்சைக் கொடுப்பார்கள். டார்ச் பிடிக்கிற பதவியில் என்னை அசைக்க ஆளில்லை.

அக்கா இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் கணித ஆசிரியை. அந்தப் பாடசாலையில் வேறு கணித ஆசிரியர் கிடையாது. அவள் கணவர், எங்கள் அத்தான், கட்டாரில் வேலை. அக்காவுக்கு அப்போது நான்காம் மாதம். அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸில் நின்றுகொண்டு போகக் கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆட்டோ அதைவிட மோசம், அதன் குலுக்கலுக்கு நடந்தே போகலாம் என்றார். நல்ல காரில் மெதுவாகப் போவதானால் போகலாம், இல்லையென்றால் இப்போதே லீவைப் போடுங்கள் என்றார்.

லீவு என்றால் சாதாரண தரப் பரீட்சை எழுதவிருந்த பிள்ளைகளுக்கு அந்த வருடம் கணிதம் இல்லை. பதிலுக்கு ஆள் அனுப்புவார்கள் என்று அதிபரே நம்பவில்லை. கணிதம் தவறினால் அந்தப் பிள்ளைகளுக்கு மேலே படிப்பு இல்லை. அக்காவின் கணக்கு எளிமையானது. இன்னும் ஒரு பள்ளித் தவணை, மூன்று மாதம். பாடத்திட்டத்தை முடித்துவிட்டால் லீவு போடலாம்.

கார் இருந்தது. கல்யாணத்துக்கு முன்பே அக்கா வாங்கிய பழைய ஜப்பான் கார், எங்கள் இருவரையும்விட வயதில் மூத்தது. தவணை விடுமுறை விடுவதற்கு முந்திய வாரம் அது இரத்தோட்டைச் சந்தியில் வெள்ளைப் புகை கக்கி நின்றது. எண்ணெய் மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே பால் டீ நிறத்தில் நுரை. எண்ணெயும் தண்ணீரும் கலந்துவிட்டன. எஞ்சின் உடம்புக்கும் அதன் மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கட் போய்விட்டது. டவுனில் நம்பிக்கையான கராஜில், வரிசையில் நிற்கும் வண்டிகள் முடிந்தால்தான் தொட முடியும் என்றார்கள். விடுமுறைக்குள் முடியாது.

"எங்க குரூப்ல செஞ்சு தருவாங்கக்கா," என்றேன்.

அக்கா பயிற்சிப் புத்தகம் திருத்திக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. "ஒங்க கூட்டத்துல இருக்கிற வண்டியெல்லாம் ஓடுதா, இல்ல நிக்குதா?"

"ஓடுதுக்கா."

"எப்ப?"

"ஞாயித்துக்கிழமை."

"எனக்குத் திங்கக்கிழமை ஓடணும்டி."

குரூப்பில் போட்டேன். டீச்சர், பிள்ளைகள், வயிற்றில் குழந்தை, எல்லாவற்றையும் உருக்கமாக எழுதினேன். கைகூப்பும் படங்களும் இதயங்களும் கொட்டின. "நாங்கள் இருக்கிறோம்" என்று ஆளாளுக்கு எழுதினார்கள். உண்மையாகவே மறுநாள் வந்தும் நின்றார்கள். எங்கள் ரோட்டில் ஆட்டோ திருப்ப இடமில்லை.

வந்த கூட்டத்தில் மூன்று பேரைச் சொன்னால் போதும், மற்றவர்கள் அவர்களின் நகல்கள். ஒருவர் குரூப்பின் அட்மின், மாத்தளை டவுனில் மிளகும் ஏலமும் மொத்தமாக வாங்கி விற்கும் முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்போம். புதுக் கையுறையும், சலவை மடிப்பு கலையாத ஏப்ரனும் போட்டுக்கொண்டு வந்தார். இரண்டாமவர் இரத்தோட்டைக்காரர், வங்கியில் உத்தியோகம். பேங்க் அண்ணன் என்போம். இருக்கைகளின் பிளாஸ்டிக் உறையை இன்றுவரை கழற்றாதவர். கார் தரையோடு தரையாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஸ்பிரிங்கை வெட்டிக் குட்டையாக்கி வைத்திருந்தார். மூன்றாமவர் சீகிரியாவில் ஹோட்டல் ஒன்றில் விருந்தினர்களுக்குச் சாப்பாடு பரிமாறுபவர். அவரோடு நாங்கள் சிங்களத்தில்தான் பேசுவோம். அவர் என்னை நங்கி என்பார், தங்கச்சி என்று அர்த்தம்.

அம்மா பொனட்டுக்கு முன்னால் கற்பூரம் காட்டினாள். நானா பிஸ்மி சொன்னார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"கேஸ்கட் மட்டுந்தான் போயிருக்கு. ஹெட்டைக் கழட்டி, லேத்ல குடுத்து மட்டம் பாத்து, புது கேஸ்கட் போட்டா முடிஞ்சிரும்."

நானா என்னை இரக்கத்தோடு பார்த்தார். "அது கராஜ்காரன் செய்ற வேல தங்கச்சி. அதுக்கு நாங்க என்னத்துக்கு ஈக்கிறோம்? கையோட கையா எஞ்சினையே எறக்கிருவோம்."

கையோடு கையாக. இந்தக் கூட்டத்தை ஒரு சொல்லில் விளக்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். ஹெட்டைக் கழற்றுவதானால் கையோடு கையாக எஞ்சினை இறக்க வேண்டும். எஞ்சினை இறக்கினால் கையோடு கையாக பிஸ்டன் ரிங் மாற்ற வேண்டும். கியர்பெட்டி கழன்றுவிட்டதே, கையோடு கையாக கிளச்சையும் பார்த்துவிட வேண்டும். காலில் முள் குத்தியவனை இவர்களிடம் விட்டால் கையோடு கையாக முட்டியைத் திறந்து பார்த்துவிடுவார்கள்.

எந்த எண்ணெய் ஊற்றுவது என்ற விவாதம், ஒரு போல்ட்கூடக் கழலும் முன்பே தொடங்கிவிட்டது. தடித்த எண்ணெய்க்காரர்கள் ஒரு பக்கம், மெல்லிய எண்ணெய்க்காரர்கள் ஒரு பக்கம். இரண்டு பேர் வேலை செய்தார்கள், மற்றவர்கள் எண்ணெய் ஊற்றினார்கள். அம்மா மூன்று தடவை டீ போட்டாள். அப்பா, கடையில் மூட்டை தூக்க வைத்திருந்த செயின் புளொக்கைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "பாத்துங்க தம்பி, பாத்துங்க," என்று சொல்லிக்கொண்டே பின்வாங்கினார். ஒவ்வொரு போல்ட் கழன்றபோதும் படம் எடுத்தார்கள். எந்த போல்ட் எந்தத் துளையிலிருந்து வந்தது என்று மட்டும் யாரும் குறிக்கவில்லை. நான் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, போல்ட்டுகளைப் பிரித்துப் பிரித்துத் தயிர்ச் சட்டிகளில் போட்டேன்.

சாயங்காலம் காரின் முன்பக்கம் பல் போன வாய்போல் கிடந்தது. அப்போதுதான் பங்கு போடுதல் நடந்தது.

இது இந்தக் குரூப்பின் வழக்கம். எஞ்சின் திறந்தால் ஒவ்வொருவரும் ஒரு பாகத்தைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போவார். தேய்த்து, கழுவி, புதுசாக்கி, "முன்", "பின்" என்று இரண்டு படம் போடுவார். யாருடைய பாகம் அதிகம் மின்னுகிறதோ அவருக்கு அதிக இதயம். ஓர் இடத்தில் இருந்து வேலை செய்தால் இரண்டு நாளில் முடிவதை, மாவட்டம் முழுக்கப் பரப்பி வைத்தால்தான் இவர்களுக்குத் திருப்தி. ஹெட் நானாவோடு டவுனுக்குப் போனது. காபரேட்டர் சீகிரியாவுக்கு. பிளைவீல் பேங்க் அண்ணனோடு இரத்தோட்டைக்கு. ரேடியேட்டர் காற்றாடியைக்கூட ஒருவர் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

"கல்யாண வீட்டுச் சாமான் மாதிரி ஆளுக்கொன்னா தூக்கிட்டுப் போறாங்களே," என்றாள் அம்மா. "இதெல்லாம் திரும்பி வருமா?"

"சுத்தம் பண்ணி கொண்டாருவாங்கம்மா."

"இங்க தண்ணி இல்லையா?"

படங்கள் வரத் தொடங்கின. நானாவின் ஹெட், அவருடைய மனைவியின் புதுத் துவாய்மேல் உட்கார்ந்திருந்தது. காபரேட்டர், ஹோட்டலில் அன்னப்பறவையாக மடிப்பார்களே, அப்படி மடித்த வெள்ளைத் துணிக்கு நடுவே மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. பிளைவீல் படம் வந்தபோது குரூப்பே எழுந்து நின்றது என்று சொல்ல வேண்டும். எஞ்சினுக்குப் பின்னால் சுழலும் கனத்த இரும்புத் தட்டு அது. அதன் முகத்தில் கிளச் தட்டு இறுகப் பிடித்தால்தான் எஞ்சினின் பலம் சில்லுக்கு, அதாவது சக்கரத்துக்கு, போகும். காருக்குள் போனால் யாரும் பார்க்கப் போவதில்லை. அந்தத் தட்டில் பேங்க் அண்ணனின் முகம் தெரிந்தது. மீசைகூடத் தெளிவாக. நானும் ஒரு இதயம் போட்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன், அவ்வளவு அழகு.

அக்கா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "இவங்க என் காரைத் திரும்பச் சேத்துப் பூட்டப் போறாங்களா, கட்டிக்கப் போறாங்களா?"

விடுமுறையின் கடைசி வாரம். கூட்டத்தைக் கூப்பிட்டேன். "நல்ல வேலைக்கு நேரம் எடுக்கும்" என்று பதில் வந்தது. அதற்கும் இதயங்கள். இனி எழுதிப் பயனில்லை என்று பஸ் ஏறி, தம்புள்ளையில் மாறி, சீகிரியாவுக்குப் போனேன். காபரேட்டர் அவர் வீட்டு ஷோகேஸில், பிளாஸ்டிக் பூச்சாடிக்கும் கிரிக்கெட் கோப்பைக்கும் நடுவில் இருந்தது.

"ஒரு பித்தளை ஸ்க்ரூ ஓடர் பண்ணியிருக்கேன் நங்கி. ஜப்பானிலிருந்து வரணும். பழையது கொஞ்சம் மங்கல்."

"பழையதுக்கு வேற என்ன குறை?"

"குறை இல்லை. மங்கல்."

"திங்கக்கிழமை பள்ளிக்கூடம் திறக்குது."

"அவசரப்பட்டா வேலை கெட்டுப்போகும் நங்கி."

"அக்காவோட வயித்துல இருக்கிறதுகிட்டச் சொல்லிப் பாக்கிறேன், ஸ்க்ரூ வரும்வரைக்கும் நில்லுன்னு."

குசினியிலிருந்து அவருடைய அம்மா வாய்விட்டுச் சிரித்தார். வந்து, ஷோகேஸைத் திறந்து, காபரேட்டரை ஒரு சொப்பிங் பேக்கில் போட்டு, இரண்டு மாங்காயும் சேர்த்து என் கையில் தந்தார். மகன் அதை, ஊரைவிட்டுப் பஸ் ஏறும் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சனிக்கிழமை எல்லாப் பாகங்களும் வீடு வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றாகத் திரும்பப் பொருத்திப் பூட்டினோம். வேலை இம்முறை வேகமாகத்தான் நடந்தது, ஏனென்றால் தயிர்ச் சட்டிகள் என்னிடம் இருந்தன. எது எங்கே போகும் என்று கேட்க வேண்டியிருந்ததால் டார்ச் கொஞ்ச நேரம் வேறொருவர் கைக்குப் போனது. அந்தி சாயும்போது சாவியைத் திருப்பினேன். இரண்டு தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. புகை இல்லை. சத்தம் பஞ்சுபோல. ஆண்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நானா கண்ணைத் துடைத்தார். வீடியோவில் அது நன்றாகவே விழுந்திருக்கிறது.

"நாளைக்கு மலையில ஏத்திப் பாப்போம்," என்றேன்.

"வாணாம் தங்கச்சி. புது ரிங். கொஞ்ச நாளைக்கு மலையேத்தக் கூடாது. நாலந்தாவுக்குப் போவோம்."

"அக்கா திங்கக்கிழமை மலைக்குத்தானே போகணும்?"

"அது வேற," என்றார் நானா.

ஞாயிறன்று ஊர்வலமாக நாலந்தாவுக்குப் போய் வந்தோம். மட்டமான ரோடு. மெதுவான வேகம். ஒரு குறையும் தெரியவில்லை. ரோல்ஸ் சாப்பிட்டோம்.

திங்கள் காலை அம்மன் கோவில் வாசலில் சில்லுக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு, அக்காவை ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். மூன்று பேரும் ஆளுக்கொரு காரில் பின்னால் வந்தார்கள். சீகிரியாக்காரர் லீவு போட்டுவிட்டே வந்திருந்தார். "டீச்சரைப் பள்ளிக்கூடத்தில் விடும் காட்சியை" எடுக்க வேண்டுமாம்.

இரத்தோட்டை தாண்டி ஏற்றம் தொடங்கியது. இரண்டாவது வளைவில் எஞ்சின் திடீரென்று அலறியது. ஆனால் கார் போகவில்லை. நான் அக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க சத்தம் மேலே போனது, கார் அதே இடத்தில் மாடு மாதிரி அசை போட்டது. பிறகு கருகிய வாடை. முதல் கியரில் தவழ்ந்து ஒரு மதகோரம் ஒதுக்கி, கல் வைத்தேன்.

மூவரும் இறங்கி ஓடிவந்து பொனட்டைத் திறந்தார்கள். கைப்பழக்கம்.

"பெட்ரோல்ல கலப்படம்," என்றார் பேங்க் அண்ணன்.

"காபரேட்டர். அந்த ஸ்க்ரூ வந்திருந்தா..." என்றார் சீகிரியாக்காரர்.

"ஒசரமான எடம், காத்து கொறவு," என்றார் நானா. அந்த இடத்தில் தேயிலை கொய்துகொண்டிருந்த பெண்கள் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்குக் காற்று தாராளமாகவே இருந்தது.

அக்கா இறங்கி மதகில் உட்கார்ந்து, திருத்திய பயிற்சிப் புத்தகக் கட்டை மடியில் வைத்துக்கொண்டாள். கடிகாரத்தைப் பார்த்தாள்.

எஞ்சின் ஓடுகிறது, சில்லு ஓடவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது கிளச். தட்டு புதிது, நானே பெட்டியிலிருந்து எடுத்தேன். அது பிடிக்க வேண்டிய முகம்...

"அண்ணே," என்றேன். "பிளைவீலை எதால தேச்சீங்க?"

பேங்க் அண்ணனின் முகம் மலர்ந்தது. யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்திருக்கிறார். "முதல்ல எமரி பேப்பர். பிறகு பஃபிங் வீல். பிறகு லேக்கர், ரெண்டு கோட். துருவே புடிக்காது தங்கச்சி."

"பின்பக்கத்துக்கா?"

"ரெண்டு பக்கத்துக்கும். முகத்துக்கு மட்டும் மூணு கோட்."

வார்னிஷ் பூசிய தரையில் செருப்பு வழுக்குவதுபோல, புதுக் கிளச் தட்டு அவருடைய மூன்று கோட் லேக்கரில் வழுக்கி வழுக்கி எரிந்துகொண்டிருந்தது. உலகத்தில் எந்த மோசமான கராஜ்காரனும் இந்தத் தவறைச் செய்ய மாட்டான். அவனுக்கு அதற்கு நேரமும் இல்லை, காதலும் இல்லை. இப்படி ஒரு பிழையைச் செய்ய ஒருவன் அந்த இரும்பை இரவிரவாக நேசித்திருக்க வேண்டும்.

நான் அதைச் சொன்னேன். நேசம் பற்றிய பகுதியை விட்டுவிட்டு, மற்றதை நன்றாகவே சொன்னேன். நானா வானத்தைப் பார்த்தார். சீகிரியாக்காரர் மெதுவாகக் கைபேசியைப் பைக்குள் போட்டார். "பரவாயில்லை நங்கி," என்றார், "கையோட கையா இன்னொரு தடவை எறக்கிட்டா..."

அக்கா எழுந்தாள். புத்தகக் கட்டோடு நேராகப் போய், பேங்க் அண்ணனின் காரின் முன்கதவைத் திறந்து, பிளாஸ்டிக் உறை சரசரக்க உட்கார்ந்தாள்.

"மிஸ்," என்றார் அவர் பதறி. "மிஸ், இது மேல போகாது. லோ ஸ்பிரிங். அடி தட்டும். அந்த ரோட்ல கல்லு..."

"மெதுவா ஓட்டுங்க. எனக்கும் அதுதான் சொல்லியிருக்காங்க."

"சைலன்சர் ஒரிஜினல் மிஸ்."

"என் வகுப்புல உக்காந்திருக்கிற பிள்ளைங்களும் ஒரிஜினல்தான். முதல் பாடம் அவங்களுக்கு. வண்டிய எடுங்க."

எடுத்தார். சின்னக் கல்லுக்கெல்லாம் அவர் தோள் தூக்கிப் போட்டதை, மதகோரத்தில் நின்றபடி அவர் காரின் பின்கண்ணாடி வழியாக நான் பார்த்தேன். முதல் வளைவிலேயே அடியில் கறக்கென்று ஒரு சத்தம். அவரும் கத்தினார். கொழுந்து பறித்த பெண்கள் கைகொட்டினார்கள்.

அக்கா மணி அடிக்கும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். சாயங்காலம் திரும்பி வந்ததும் என்னைக் கூப்பிட்டு, குரூப்பில் போடச் சொன்னாள். கார் சரியாகும்வரை மூவரும் முறை வைத்துக் கூட்டிப்போக வேண்டும். காலையில் கூட்டிப்போகிறவரே பின்னேரமும் வர வேண்டும். யாரும் ஆட்டோ பிடித்து அனுப்பக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, மழைக்கு நிற்கக் கூடாது.

"இவங்க ஞாயித்துக்கிழமை ஆளுங்கக்கா. வர மாட்டாங்க."

"வருவாங்க. ஆறாம் வகுப்புப் பிள்ளைங்க மாதிரி. வேலை குடுத்தா ஓடும், சும்மா விட்டா மேசைய ஒடைக்கும்."

வந்தார்கள். ஒத்துக்கொள்ள எரிச்சலாக இருந்தாலும் சொல்கிறேன், வந்தார்கள். நானாவின் கார் வாழ்க்கையில் முதல்முறை சேறு கண்டது. மழை பெய்த ஒரு காலை, ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே துவாய் விரித்துக்கொண்டு, முழங்காலில் தண்ணீர் சொட்ட ஓட்டினாராம். கண்ணாடிக்கு ரப்பர் ஒரிஜினல்தான், ஒழுகுவதும் ஒரிஜினல். சீகிரியாக்காரர் முறை வரும் நாளுக்கு முன்னிரவே டவுனுக்கு வந்து, உறவுக்காரர் வீட்டில் தங்கினார். பேங்க் அண்ணன் இரண்டு தடவை வந்ததும் குட்டை ஸ்பிரிங்கைக் கழற்றி எறிந்துவிட்டுச் சாதாரண ஸ்பிரிங் போட்டார். குரூப்பில் இரங்கல் செய்திகள் குவிந்தன.

இதற்குள் எஞ்சினையும் கியர்பெட்டியையும் மறுபடி பிரிக்க வேண்டியிருந்தது. இம்முறை பங்கு இல்லை என்றேன். பாகம் எங்கள் முற்றத்தை விட்டு ஓர் அடி நகரக் கூடாது. கூட்டம் வேண்டாம். பௌர்ணமி விடுமுறையான போயா நாளில், கருகியதற்குப் பதிலாக ஒரு புதுக் கிளச் தட்டோடு நானா மட்டும் வந்தார். நான் காருக்கடியில், அவர் டார்ச் பிடித்தார். பிளைவீலைக் கழற்றித் தரையில் வைத்தபோது அதில் இன்னும் மினுக்கம் மிச்சமிருந்தது, நடுவில் ஒரு கறுத்த வட்டம். தின்னர் ஊற்றி, எமரி தாளால் நானே தேய்த்தேன். மினுக்கம் போய், சாம்பல் நிற இரும்பு வெளியே வந்தது. பார்க்க அசிங்கமாக, பிடிக்க நன்றாக. நானாவின் கை கைபேசியைத் தேடி ஏப்ரன் பைக்குள் போனது.

"நானா!"

"மணி பாக்கத்தான் தங்கச்சி," என்றார். கையை வெளியே எடுத்துவிட்டார். பிறகு, "நானும் கொஞ்சம் தேய்க்கவா?" என்று கேட்டார். குரல் சின்னப் பிள்ளைக் குரல் மாதிரி இருந்தது. எமரி தாளைக் கொடுத்தேன். நன்றாகத்தான் தேய்த்தார், நான் நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்தினார். அதுவரை யாரும் அவரை நிறுத்தச் சொன்னதில்லை போல.

அடுத்த நாள் பின்னேரம், அக்கா இல்லாமல், தனியாக மலையில் ஏற்றிப் பார்த்தேன். அந்த வளைவில் வேண்டுமென்றே நிறுத்தி, மறுபடி எடுத்தேன். அலறவில்லை, வழுக்கவில்லை. ஏறியது.

கார் சரியென்று குரூப்பில் ஒரு வரி போட்டேன். மறுநாள் காலை நான் அக்காவை ஏற்றும்போது வாசலில் ஹோர்ன் கேட்டது. பேங்க் அண்ணன். தன்னுடைய முறை என்றார். கார் சரியாகிவிட்டது என்றேன். தெரியும் என்றார். ஆனாலும் பின்னால் வந்தார். மேலே போய்ச் சேர்ந்ததும் தன் காருக்கடியில் குனிந்து சைலன்சரைப் பார்த்துவிட்டு, பாடசாலை வாசலில் எதற்கென்று தெரியாமல் நின்றார்.

"நாளைக்கு வரத் தேவையில்லை," என்றாள் அக்கா.

"ஒரு ஸ்டாண்ட்பையா இருக்கட்டும்னு மிஸ்..."

"பேங்க் எத்தன மணிக்குத் திறக்கும்?"

அவர் திடுக்கிட்டுக் காருக்கு ஓடினார். ஆனால் அந்த வாரம் முழுக்க வந்தார். கார்மேல் உள்ள அக்கறையா, டீச்சர்மேல் உள்ள பயமா, சும்மா ஒரு வேலை நாளில் எங்காவது போய்வரக் காரணம் கிடைத்த சந்தோஷமா, நான் கேட்கவில்லை. இந்த இனத்திடம் காரணம் கேட்டால் எண்ணெயில் தொடங்குவார்கள்.

அக்கா ஒரு நாளும் தவறவில்லை. வயிறு ஸ்டியரிங்கில் இடிக்காமலிருக்க ஓட்டுவது நான், பக்கத்தில் அவள் சிவப்புப் பேனாவோடு. பரீட்சை நெருங்கியபோது சனிக்கிழமையும் வகுப்பு வைத்தாள். கடைசிப் பாடம் முடிந்த பின்னேரம், சோக் தூசி ஒட்டிய கையோடு வந்து ஏறி, இருக்கையைப் பின்னால் சாய்த்து, செருப்பைக் கழற்றினாள். கால் வீங்கியிருந்தது.

"முடிச்சிட்டேன்டி," என்றாள்.

"எல்லாப் பாடமுமா?"

"எல்லாம். ரெண்டு பேரு இன்னும் பின்னத்துல மக்கு. ஆனா எழுதுவாங்க."

இரண்டாவது கியரில் போட்டு இறக்கத்தில் விட்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். ஒரு வளைவு தாண்டியதும், கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"பின்னால யாரும் வர்றாங்களா?"

கண்ணாடியில் பார்த்தேன். வெறும் ரோடு. "யாரும் இல்லக்கா."

"அப்ப மெதுவா போ."